இடமாறுதலில் கிளம்பும் ஆசிரியர் மாணவர்களிடம் எதை விட்டுச் செல்ல வேண்டும்?

கேள்வி: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு வட்டம்

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். அண்மையில் நடந்த கலந்தாய்வில் சேலம் நகரை ஒட்டிய ஒரு பள்ளிக்கு எனக்கு மாறுதல் கிடைத்திருக்கிறது. உடல்நலம் குன்றிய மாமியாரை அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் நானே கேட்டுப் பெற்ற மாறுதல் இது. பணியிலிருந்து விடுவிக்கப்பட இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.

என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியின் பிள்ளைகள். பெற்றோர் காப்பித் தோட்டங்களில் வேலை செய்பவர்கள். பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் பிள்ளைகளும் உடன் போய்விடுவதால் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். இவர்கள் மனத்தில் அறிவியலின் அடிப்படைகளையாவது ஊன்றிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இத்தனை ஆண்டுகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் ஏறி இறங்கினேன்.

சென்ற வாரம் சேலம் பழைய பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். பத்தாம் வகுப்பு முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நகரில் ஒரு கைபேசிக் கடையில் வேலை செய்கிறார். பேச்சுவாக்கில், நான் மிகுந்த சிரத்தையோடு நடத்திய ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் அவராகவே வேறொன்றைச் சொன்னார். ஒரு நாள் மூடுபனி வகுப்பறைக்குள் புகுந்தபோது மாணவர்கள் ஜன்னலைச் சாத்த எழுந்தார்களாம், நான் அவர்களை நிறுத்தி, "உள்ளே வந்திருப்பது பனியா, மேகமா?" என்று கேட்டேனாம். "நீங்கள் அதற்கு விடை சொல்லவே இல்லை, டீச்சர். சேலத்துக்கு வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் அஸ்தம்பட்டியில் நின்று மலையைப் பார்த்தேன். நம் ஊரை மேகம் மூடியிருந்தது. அந்த நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் அதைப் பனி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அப்போது புரிந்தது" என்றார்.

கீழிருந்து பார்த்தால் மேகம், உள்ளே நின்று பார்த்தால் மூடுபனி. இரண்டும் ஒன்றே என்பதை அவர் தாமாகக் கண்டுகொண்டிருக்கிறார். எனக்கோ அந்தக் கேள்வியைக் கேட்டதே நினைவில்லை. மறுநாள் விடை சொல்லலாம் என்று நினைத்து மறந்திருப்பேன். திட்டமிட்டு நடத்தியதெல்லாம் கரைந்துபோக, என் மறதியால் பாதியில் நின்ற ஒன்று அவரிடம் தங்கியிருக்கிறது.

நாம் பதிக்க விரும்புவது ஒன்று, பதிவது வேறொன்று என்றால், ஆசிரியர் எதைத்தான் பதிக்க முயல வேண்டும்? மாணவர்கள் நம்மை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது சரிதானா? இந்த மூன்று வாரங்களில் நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேலம்

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்" என்பது குறள். மகிழும்படி கூடுவதையும், இவரை இனி எப்போது காண்போம் என்று எண்ணும்படி பிரிவதையும் கற்றவரின் தொழிலாகவே வள்ளுவர் வைத்துவிட்டார். ஆகவே நினைவில் நிற்க விரும்புவதைத் தற்பெருமை என்று நீங்கள் கருத வேண்டியதில்லை. பிரிவும் உங்கள் பணியின் ஒரு பகுதியே; மூன்று வாரங்களை அதற்கெனச் செலவிடுவது கடமைக்குப் புறம்பான செயல் ஆகாது.

ஆனால் எது நினைவில் நிற்கிறது என்பதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் நன்னூல் உவமையாகச் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாணாக்கருக்கும் அது உவமைகள் சொல்கிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு; ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கருக்கு. நெய்யரி என்பது நெய்யை வடிகட்டும் கருவி. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். 1989-ஆம் ஆண்டில், அப்போது நான் பணியாற்றிய பள்ளியில், இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் சொன்ன பாடத்தில் ஒரு வரிகூடத் திருப்பிச் சொல்லத் தெரியாமல், நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வேடிக்கைக் கதையை மட்டும் அப்படியே ஒப்பித்த ஒரு மாணவனைச் சுட்டிக்காட்டி, "நெய்யரிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் இவனைப் பாருங்கள்" என்றேன். வகுப்பு சிரித்தது. உவமையை இவ்வளவு எளிதாக விளங்கவைத்துவிட்டோம் என்று எனக்குள் நிறைவுகூட ஏற்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து அவரே தம் மகளின் திருமணத்துக்கு அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்தார். முறையாக வணங்கினார். திருமண மண்டபத்தில் அவருடைய வகுப்புத் தோழர்கள் நான்கைந்து பேர், நரைத்த தலையோடு, அவரை "நெய்யரி" என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன். மணப்பெண் தன் தந்தையிடம் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டதாகவும், ஏதோ சமையல் பாத்திரம் என்று அவர் சமாளித்ததாகவும் பின்னர் அறிந்தேன். நான் நடத்திய தமிழில் அந்த வகுப்பு முழுவதும் முப்பது ஆண்டுகள் மறவாமல் காத்த சொல் அது ஒன்றுதான். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்போதோ பழகிவிட்டது, ஐயா" என்றார். அந்த விடை எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆசிரியர் பகுதியில் மலருக்கு நன்னூலார் தரும் விளக்கத்தை அதன் பிறகுதான் சரியாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். யாவரும் மகிழ்ந்து சூடும்படி மென்மையாக இருப்பதும், உரிய பொழுதில் முகம் மலர்வதும் பூவின் இயல்புகள். உரிய பொழுது என்பது பாடம் சொல்லும் பொழுது; அதிலும் மாணவன் தவறாக விடை சொல்லும் பொழுது. சரியான விடைக்கு முகம் மலர எவராலும் முடியும். நிலத்துக்குச் சொல்லும் விளக்கமும் உங்களுக்குப் பொருந்தும். பொறுமையோடு பருவத்துக்கும் முயற்சிக்கும் தக்க அளவில் விளைவைத் தருவது நிலம். உங்கள் மாணவரிடம் மூன்று ஆண்டுகள் கழித்து அஸ்தம்பட்டியில் விளைந்திருக்கிறது. மலையிலேயே விளைய வேண்டும் என்று நாம் கேட்க முடியாது.

மூன்று வாரங்களில் செய்யக்கூடியது: யாரையேனும் சொல்லால் புண்படுத்தியிருந்தால், அந்த மாணவரை அழைத்து, புண்படுத்தியது பலர் முன்னிலையில் என்றால் பலர் முன்னிலையிலேயே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அது முப்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

பதில்: வெள்ளிப் பட்டறைக்காரர், சிவதாபுரம்

நான் ஆசிரியர் அல்லேன். கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஐயா நிறைகோல் என்று எழுதியிருப்பதைப் படித்ததும், தராசோடு வாழ்கிறவன் என்ற முறையில் எழுதத் தோன்றியது.

பன்னிரண்டு வயதிலிருந்தே இரவில் பட்டறையில் அப்பாவுக்குத் துணையாகக் கண்ணிகளைப் பற்றவைக்க உட்காருவேன். காலையில் வகுப்பில் தூங்கிவிடுவேன். ஒன்பதாம் வகுப்பின் கணக்கு ஆசிரியர் ஒரு நாள் என்னை எழுப்பி, இரவில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். உருக்குவதற்கு முன்பு வெள்ளியை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டார். எங்கள் தொழிலில் வெள்ளியின் தரத்தை "டச்" என்று சொல்வோம். 90 டச் உள்ள 800 கிராம் வெள்ளியையும் 60 டச் உள்ள 200 கிராம் பழைய கொலுசையும் சேர்த்து உருக்கினால் வருவது 84 டச். அதை அப்பா மனக்கணக்காகவே சொல்லுவார், நானும் சொல்லுவேன். ஆசிரியர் சாக்கட்டியை என் கையில் கொடுத்து, "இது எனக்குத் தெரியாது. நீ நடத்து" என்றார். நடத்தினேன். 800-ஐ 90 சதவீதத்தால் பெருக்கினால் 720, 200-ஐ 60 சதவீதத்தால் பெருக்கினால் 120, ஆக 1,000 கிராமில் 840 கிராம் சுத்த வெள்ளி என்று கரும்பலகையில் எழுதினேன். அந்த நேரம் முழுவதும் அவர் முதல் பெஞ்சில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார். முடித்ததும் எழுந்து வந்து, புத்தகத்தில் சராசரி என்று ஒரு பாடம் இருப்பதாகவும், எடைக்கு ஏற்ப எடுக்கும் சராசரியைத்தான் நான் இப்போது நடத்தினேன் என்றும் வகுப்புக்குச் சொன்னார்.

அவருக்கு அந்தக் கணக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டே வீட்டு நிலைமையால் பள்ளியை விட்டேன். அவருடைய முகம் எனக்கு இப்போது தெளிவாக நினைவில் இல்லை. வழியில் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பதுகூட ஐயமே. ஆனால் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தரும்போதெல்லாம் என் இருக்கையை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே உட்காருகிறேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று என் மனைவி கேட்டபோதுதான் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே புலப்பட்டது.

ஆகவே, நீங்கள் நினைவில் நிற்கிறீர்களா என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், டீச்சர். அந்தக் கைபேசிக் கடைத் தம்பி உங்களை மறந்துபோனாலும் மலையைப் பார்க்கும் பார்வையை மறக்க மாட்டார்.

பதில்: ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர், சேலம் மாவட்டம்

மேலே உள்ள இரண்டு பதில்களும் மனத்தைத் தொட்டன. எனினும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேகமா பனியா என்ற கேள்வி அந்த ஒரு மாணவரிடம் தங்கி வளர்ந்தது. அதே வகுப்பில் இருந்த மற்ற முப்பது பேரிடம் அது என்ன ஆயிற்று? விடையின்றி விடப்பட்ட கேள்வியைத் தூக்கிக்கொண்டு மூன்று ஆண்டுகள் நடக்கும் தன்னம்பிக்கை சிலருக்கு இயல்பாகவே இருக்கும். பலருக்கு அது, "டீச்சர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை" என்ற இன்னொரு தோல்வியாக முடிந்திருக்கவும் கூடும். நம்மிடம் திரும்பி வந்து பேசும் மாணவரை வைத்து நம் பணியை அளப்பது எளிது. திரும்பி வராதவர்களைப் பற்றியும் நாம் சிந்திக்க வேண்டும்.

இதில் உதவக்கூடிய ஓர் ஆய்வை ஆண்டுதோறும் என் மாணவ ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். வகுப்பறைகளில் பதிவுசெய்த உரையாடல்களை ஆராய்ந்த அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1974-இல் எழுதினார். அந்த இடைவெளியை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுவோர் பெருகினர், தெரியாது என்ற பதில் குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்டவர்களும் அதிகம் பேசினர். இரண்டு நொடி வேறுபாடு அவ்வளவும் செய்தது. இரண்டாண்டு பி.எட். படிப்பில் எங்கள் மாணவர்கள் பதினாறு வாரங்கள் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுடைய வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நான் குறிப்பெடுக்கும் முதல் செய்தி இந்த நொடிக் கணக்குதான். மனத்துக்குள் மூன்று வரை எண்ணுவதற்கே அவர்களுக்கு நாலைந்து வாரங்கள் பிடிக்கின்றன. அமைதி அவர்களை அச்சுறுத்துகிறது. தாமே விடையைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறார்கள்.

மலைக் கிராமத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூலின் தமிழுக்கும் இடையே தொலைவு உண்டு. விடை தெரிந்திருந்தும் அதைச் சொல்லும் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு நொடி போதாது. அங்கே காத்திருக்கும் ஆசிரியர், "நீ சொல்வதற்காக இந்த வகுப்பு காத்திருக்கும்" என்பதை வாய் திறக்காமலே தெரிவிக்கிறார். என்னைக் கேட்டால், ஓர் ஆசிரியர் பதிக்கத்தக்கவற்றில் இதற்கு இணையானது வேறில்லை என்பேன். பட்டறைக்காரர் ஐயாவின் ஆசிரியர் செய்ததும் இதுவே. அவர் ஒரு பாடவேளை முழுவதும் காத்திருந்தார்.

உங்களுக்கு என் யோசனை: இந்த மூன்று வாரங்களில் புதிய பாடம் எதையும் தொடங்காதீர்கள். ஆறு ஆண்டுகளில் மாணவர்கள் கேட்டு நீங்கள் விடை சொல்லாமல் விட்ட கேள்விகளை அவர்களிடமிருந்தே திரட்டுங்கள். யார் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதையும் பெயரோடு எழுதிவையுங்கள்.

பதில்: செவிலியர், மலையிலிருந்து சேலத்துக்கு வந்தவர்

நான் அந்த மலையில் பிறந்தவள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். என் சொந்த அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது என் கையில் சாதிச் சான்றிதழ் இல்லை. சேலம் மாவட்டத்தில் மலையாளி சமூகம் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டது என்றாலும், சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீட்டையும் கல்வி உதவித்தொகையையும் கேட்க முடியாது. என் பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் உயிரியல் ஆசிரியை விண்ணப்பத்தை எழுதி, வேண்டிய ஆவணங்களைத் தேடி எடுத்து, மூன்று முறை என்னுடன் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டாவது முறை போனபோது அவருக்கு அப்போதுதான் மாறுதல் வந்திருந்தது. மூன்றாவது முறை புதிய ஊரிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்தார்.

அவர் நடத்திய பாடமும் எனக்கு நினைவிருக்கிறது. இன்று ஊசி போடும்போது இரத்தக் குழாயைத் தேடும் விரலுக்கு அது உதவுகிறது. ஆனால் டீச்சர், நீங்கள் கிளம்புவதற்கு முன்பு ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் யாரிடம் சான்றிதழ் இல்லை என்று ஒரு முறை பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு யார் யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிய ஓர் ஆண்டு ஆகும். அந்த ஓர் ஆண்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் பேசி முடித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் என் நன்றி. பதில்களை வகுப்பிலும் ஓரளவு படித்துக் காட்டினேன்.

செவிலியர் சகோதரி சொன்னபடி பார்த்ததில் பதினொரு பேரிடம் சான்றிதழ் இல்லை. நான்கு விண்ணப்பங்களை எழுதி முடித்துவிட்டேன். மீதியை இந்த வாரம் முடிப்பேன். தமிழாசிரியர் ஐயா கூறியதை எண்ணிப் பார்த்தேன். "தூங்குமூஞ்சி" என்று நான் வழக்கமாக அழைத்துவந்த எட்டாம் வகுப்பு மாணவியிடம் வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டாம் பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள்.

கேள்விகளைத் திரட்ட ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டோம். அது போதவில்லை, இரண்டாவது நோட்டு ஓடுகிறது. ஏழாம் வகுப்பில் ஒருவன் கேட்டது இது: ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றபோது, மேகாலயாவைச் சேர்ந்த குடுவைத் தாவரத்தைக் காட்டி, அது பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் என்று சொல்லியிருந்தேன். "பூச்சியைத் தின்னும் செடிக்கு வேர் எதற்கு, டீச்சர்?" என்று அப்போதே கேட்டானாம், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் நகர்ந்திருக்கிறேன். இந்த முறை மூன்று வரை எண்ணிக் காத்திருந்தேன். பிறகும் காத்திருந்தேன். நீருக்கு என்றாள் ஒருத்தி. காற்றில் சாயாமல் நிற்க என்றான் இன்னொருவன். அப்படியானால் பூச்சி எதற்கு என்று கேட்டவனே மறுபடி கேட்டான். மண்ணில் இல்லாத ஏதோ ஒன்று பூச்சியில் இருக்க வேண்டும் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது தழைச்சத்து என்று நான் சேர்த்துக்கொண்டேன். அன்று நான் சொன்ன ஒரே சொல் அதுதான்.

எனக்குப் பதிலாக வரவிருக்கும் ஆசிரியரோடு நேற்றுத் தொலைபேசியில் பேசி, நோட்டுகளைப் பற்றிச் சொன்னேன். பாடத்திட்டத்தில் எந்த அலகு வரை முடித்திருக்கிறேன் என்று முதலில் கேட்டார். பிறகு சற்று யோசித்துவிட்டு, நோட்டில் விடை எழுதப்படாத கேள்விகள் எத்தனை இருக்கின்றன என்றார். அறுபத்திரண்டு என்றேன். கேட்ட பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறார்.